ஆயில், தண்ணி, காத்து

எண்ணூர் பக்கம் லாரி ஓட்டிய பழைய டிரைவர்கள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் மூன்று சொல்தான் கேட்பார்கள்: "ஆயில், தண்ணி, காத்து?" கிளீனர் பையன் "பாத்துட்டேண்ணே" என்று சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பும். இந்தப் பழக்கம் எப்படி வந்தது, நம் வட்டாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம், இன்றைக்கு அதில் எது மிச்சம் இருக்கிறது என்று எழுதி வைக்கலாம் எனத் தோன்றியது. முப்பத்து நான்கு வருஷம் இந்தப் பக்கத்து ஒர்க்ஷாப் ஒன்றில் ஃபிட்டராக இருந்தவன் நான். ஆகவே கொஞ்சம் கிரீஸ் வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். கார் ஓட்டுபவரை அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் 'ஷோஃபர்' என்பார்கள். அது பிரெஞ்சுச் சொல். அதற்கு 'சூடேற்றுபவர்', அதாவது அடுப்பில் தீ போடுபவர் என்று பொருள். ஆரம்பத்தில் நீராவியால் ஓடிய வண்டிகளும் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் மெட்ராஸிலேயே 1903-ல் மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவிக் கார் செய்து ஓட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்பார்கள். மெட்ராஸில் எம்.சி. 1 என்ற முதல் நம்பர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குக் கிடைத்தது. துறைமுகத்தின் தலைவராக இருந்தவர். கணித மேதை ராமானுஜம் குமாஸ்தாவாக வேலை பார்த்தாரே, அந்த ஸ்பிரிங்தான்.

அந்த நாளில் ஓட்டுவது வேறு, ரிப்பேர் பார்ப்பது வேறு என்று இரண்டு வேலை கிடையாது. வழியில் நின்றால் பார்ப்பதற்கு ஊருக்கு ஊர் மெக்கானிக் ஏது? ஓட்டுபவர்தான் மெக்கானிக். கார் வாங்கியவர் சம்பளம் கொடுத்தது ஸ்டியரிங் பிடிப்பதற்கு மட்டும் அல்ல, வண்டியை உயிரோடு வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது அந்த 'அடுப்பு மூட்டுகிற' வேலை நிஜமாகவே திரும்பி வந்தது. பெட்ரோல் ரேஷன் ஆனது. மதுரை டி.வி.எஸ். கரிவாயு பிளாண்ட் செய்து கொடுத்தது. பஸ்ஸோடு ஒரு பெரிய இரும்பு உருளையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரி போட்டு எரிய வைத்து, வருகிற வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குள் விடுவார்கள். காலையில் கரியைப் பற்றவைத்து, கைவிசிறியைச் சுழற்றி, வாயு சரியாக வருகிறதா என்று பார்த்துத்தான் பஸ்ஸைக் கிளப்ப முடியும். வடிகட்டியில் சாம்பல் அடைத்தால் வண்டி மூச்சு வாங்கும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நம் வயதுக்காரர்களின் அப்பாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எஞ்சினுக்குத் தீனி, காற்று, சூடு மூன்றும் எந்த அளவில் வேண்டும் என்று அந்தத் தலைமுறை டிரைவர்களுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு கற்றார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1948-ல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். பஞ்சாபைச் சேர்ந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். மகன் அசோக்கின் பெயரைத்தான் கம்பெனிக்கு வைத்தார். 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். உதிரி பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் பெட்டி பெட்டியாக வரும். இங்கே அவற்றைக் கோத்து முழுக் காராக்கி வெளியே விடுவார்கள். அசோக் லேலண்ட் என்றால் லாரியும் பஸ்ஸும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அந்த இடத்திலிருந்து முதலில் வெளியே வந்தது சின்ன ஆஸ்டின் கார் என்பது நம் பேரப்பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

அந்த ஆஸ்டின் ஏ-40 ஓர் ஓட்டுநரிடம் என்னென்ன கேட்டது என்று பாருங்கள். 1200 சி.சி. எஞ்சின். குளிர்ந்த நேரத்தில் கிளப்ப சோக் இழுக்க வேண்டும். சூடானதும் அதை உள்ளே தள்ள மறந்தால் பெட்ரோல் வீண், பிளக்கும் கரி பிடிக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். கட்டைவிரலால் வளைத்துப் பிடித்து அழுத்திச் சுற்றியவர்களின் மணிக்கட்டை எஞ்சினின் எதிர்உதை உடைத்திருக்கிறது. பேட்டரியில் பாஸிடிவ் முனைதான் பாடியோடு எர்த். இன்றைய வண்டிகளில் நெகடிவ் எர்த். அந்தக் காலத்துக் காரைப் பத்திரமாக வைத்திருக்கும் அன்பர்கள் இன்றும் புது மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிவிடுவார்கள்.

பிரேக் முன் சக்கரங்களுக்கு ஹைட்ராலிக், பின் சக்கரங்களுக்கு ராடு. அதனால் முன்னும் பின்னும் ஒரே சீராகப் பிடிக்கிறதா என்று பார்த்து அட்ஜஸ்ட் செய்யத் தெரிய வேண்டும். முன் சக்கரக் கிங் பின்னுக்கும் மற்ற மூட்டுகளுக்கும் ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை கிரீஸ் கன்னால் கிரீஸ் அடிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் தீய்ந்து குழி விழும். அதைச் சுரண்டிச் சமன் செய்து, ஃபீலர் கேஜை நடுவில் விட்டு இடைவெளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இருமிக்கொண்டே போகும். இது அத்தனையும் காரோடு கொடுத்த கையேட்டிலேயே ஓட்டுபவர் செய்ய வேண்டியதாகப் போட்டிருக்கும் காலம் அது.

பாயிண்ட்டைச் சுத்தம் செய்ய நயமான கார்போரண்டம் கல் உபயோகிக்கச் சொல்வார்கள். அந்தச் சமாச்சாரத்துக்கும் நாம் தூரம் போக வேண்டியதில்லை. 1954-ல் தொடங்கிய கார்போரண்டம் யூனிவர்சல் நம் திருவொற்றியூரில்தான் இருந்தது. அதே திருவொற்றியூரில் 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார் மம்மன் மாப்பிள்ளை. 1952-ல் டயர் மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு மாறி, அறுபதுகளின் தொடக்கத்தில் டயரே செய்தார். அதுதான் எம்.ஆர்.எஃப். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா வந்தது, புல்லட் சத்தமும் திருவொற்றியூர்ச் சத்தமானது. 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. டயர், சாணைக்கல், பெட்ரோல், மோட்டார் சைக்கிள், லாரி என எல்லாமே ஒரு சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள். வேறு எந்த ஊருக்கு இந்தக் கொடுப்பினை இருந்தது?

இதனால் வந்த நன்மை சம்பளம் மட்டும் அல்ல. ஷிஃப்ட் முடிந்து வரும் ஆள் தன் கைத்தொழிலைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வருவதில்லை. தெருவில் ஒரு வண்டி நின்றால் நாலு பேர் பானெட்டைச் சுற்றி நின்று நாலு யோசனை சொல்வார்கள். அதில் இரண்டாவது சரியாக இருக்கும். கத்திவாக்கத்திலும் தாழங்குப்பத்திலும் திருவொற்றியூர்த் தெருக்களிலும் பள்ளிக்கூடம் முடிக்காத பையன்கள் பதினாறு வயதில் ஸ்பானர் நம்பரைக் கண்ணாலேயே அளந்து சொல்வார்கள். அது இந்தச் சூழலில் வந்த படிப்பு.

எண்ணூரில் கார் காலம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1951-ல் முதல் லேலண்ட் காமெட் வண்டிகள் நான்கு எண்ணூரில் பூட்டப்பட்டு மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலைக்குப் போயின. வெறுமனே பாகங்களை இறக்கிக் கோக்கும் கம்பெனிகள் வேண்டாம், படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்பவர்கள்தான் வேண்டும் என்று டில்லி முடிவெடுத்தது. 1954-ல் லேலண்ட் வண்டிகளைத் தயாரிக்க அனுமதி கிடைத்தது. 1955-ல் லேலண்ட் பங்கு போட, கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. அதோடு ஆஸ்டின் போய் லாரியும் பஸ்ஸும் எண்ணூரின் அடையாளமாயின.

லாரி வந்ததும் கிளீனர் என்ற படிப்பு முறை வேரூன்றியது. அதைப் படிப்பு என்றுதான் சொல்வேன். பையன் முதல் வருஷம் வண்டி கழுவுவான், ரேடியேட்டருக்குத் தண்ணீர் சுமப்பான். பிறகு டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்வான். வீல் ஸ்பானரால் டயரைத் தட்டிப் பார்ப்பான். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்டயர் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்து டயர் தூக்கி நிறுத்திவிடும். தட்டினால் மட்டும் சத்தம் மாறும். நல்ல டயர் கணீர் என்று திருப்பி அடிக்கும், காற்றில்லாத டயர் சவசவ என்று கிடக்கும். மேட்டில் வண்டி நின்றால் கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்துப் பின்சக்கரத்தில் வைப்பதும் அவன்தான். இப்படி நாலைந்து வருஷம் ஆன பிறகுதான் காலி மைதானத்தில் ஸ்டியரிங் கைக்கு வரும். அதற்குள் வண்டியின் வயிறு முழுக்க அவனுக்குப் பாடம்.

எண்ணூருக்கென்று தனிப் பாடங்களும் உண்டு. இங்கே கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே துரு, சுண்ணாம்புப் படிவு. சில மாதத்தில் வண்டி கொதிக்க ஆரம்பிக்கும். விவரமான டிரைவர்கள் நல்ல தண்ணீர் கேன் ஒன்றைச் சீட்டுக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். கடல் காற்றில் சேஸிஸ் அரிக்கும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறையாவது அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவார்கள். 1970-லிருந்து 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடிய காலத்தில் வாசலில் காயப்போட்ட துணியில் படிந்த சாம்பல் ஏர் ஃபில்டரிலும் படிந்தது. பிற ஊர்க்காரர் ஃபில்டரைத் தட்டும் கணக்கு நமக்கு ஒத்துவராது. ஏர் பிரேக் வந்த பிறகு இன்னொன்று சேர்ந்தது. காற்று டாங்கியில் ஈரம் தண்ணீராகத் தேங்கும், தினமும் வடிகட்ட வேண்டும். கடலோர ஈரக்காற்றில் அது இன்னும் அதிகம். அதை வடிக்க மறந்த வண்டியின் பின்னால் நான் போகமாட்டேன்.

அந்தக் கால டிரைவர்களின் கைவைத்தியங்கள் சிலவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். ரேடியேட்டரில் மயிரிழை ஒழுக்கு என்றால் மஞ்சள் தூள் போடுவார்கள். அது தண்ணீரோடு சுற்றி வந்து விரிசலில் போய் அடையும். பெட்ரோல் டாங்க் கசிந்தால் துணி சோப்பைக் குழைத்து அப்புவார்கள். சோப்பைப் பெட்ரோல் கரைக்காது என்பதுதான் ரகசியம். சித்திரை வெயிலில் அம்பாசிடர் நடுரோட்டில் நின்றால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவார்கள். சூட்டில் பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்பு ஆவியைத் தள்ள முடியாமல் திணறும். துணி குளிர்ந்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும், வண்டி கிளம்பும். பார்ப்பதற்கு நாட்டு வைத்தியம் மாதிரி இருந்தாலும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தவருக்கு அது ஊர் போய்ச் சேர்வதற்கான தற்காலிக வேலை என்பதும் தெரியும். தெரியாதவர்தான் மஞ்சள் தூளை நம்பி மறுநாளும் ஓட்டுவார்.

ஸ்டெப்னி என்ற சொல்லும் இந்தப் படிப்பின் மிச்சம்தான். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904-ல் அங்கே இருந்த ஒரு கடைக்காரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர் கப்பலேறி வந்து நம் எண்ணூர் நெடுஞ்சாலைப் பஞ்சர் கடைப் பலகையில் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்களே அதை மறந்துவிட்டார்கள்.

மாற்றம் எப்போது வந்தது? என் கணக்கில் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததிலிருந்து. வண்டி சின்னது, நம்பிக்கையானது, சொந்தக்காரரே ஓட்டுவது. பிறகு பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. 2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு வந்ததும் புதுக் கார்களில் கார்பரேட்டரும் போய் இன்ஜெக்ஷன் வந்தது. கிரீஸ் நிப்பிள்களை மூடிவிட்டார்கள், பேட்டரியையும் மூடிவிட்டார்கள். ஆயிரம் மைல் கணக்கு பத்தாயிரம் கிலோமீட்டர் ஆனது. இதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஹேண்டில் சுற்றி மணிக்கட்டு போனவர்களைப் பார்த்தவர்கள் யாரும் அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று கேட்கமாட்டார்கள். பெண்கள் தனியாக தைரியமாக வண்டி எடுத்துக்கொண்டு வெளியூர் போகிறார்கள் என்றால் அதற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

ஆனால் மூடிய பானெட்டோடு சேர்த்து மனசையும் மூடிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். சட்டம் மூடவில்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் டிரைவிங் ஸ்கூல்களுக்கான பாடத்திட்டம் 31-ஆம் விதியில் இருக்கிறது. சொந்த வண்டிக்கு 21 நாள், அதில் 10 மணி நேரமாவது ஓட்டிப் பழக வேண்டும். வாடகை, சரக்கு வண்டிக்கு 30 நாள், 15 மணி நேரம். வண்டியின் இயக்கமும் ரிப்பேரும் அதில் ஒரு தனிப் பாடம். பராமரிப்பும் பாடம். முதலுதவியும் பாடம். உங்கள் வீட்டில் சமீபத்தில் லைசென்ஸ் எடுத்தவரைக் கேட்டுப் பாருங்கள், யாராவது பானெட்டைத் திறந்து காட்டினார்களா என்று.

இதன் விலை 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெரிந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் எங்கள் தெருவில் ஒரு பையன் தன் காரைக் காப்பாற்றும் அவசரத்தில் சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி. எஞ்சின் சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை நசுக்கும். தண்ணீர் இருந்தால் நசுங்காது. நசுங்காத தண்ணீருக்கும் மேலே வரும் பிஸ்டனுக்கும் நடுவில் மாட்டி கனெக்டிங் ராடு வளையும். சாவியைத் தொடாமல், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துப் போயிருந்தால் கழுவி ஆயில் மாற்றுவதோடு முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. கடன் தவணை பாதி பாக்கி இருந்த கார். இந்த ஒரு வாக்கியம் முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அவனுக்கு மிச்சமாகியிருக்கும்.

கார் விஷயத்தில் போவது பணம். லாரி விஷயத்தில் உயிர். நம் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை உங்களுக்குத் தெரியும். இன்று பலவற்றில் கிளீனர் இல்லை, ஒற்றை ஆள். இரவெல்லாம் வரிசையில் நின்ற மனிதர், காலையில் டயரைத் தட்டவும் காற்று டாங்கியை வடிக்கவும் இன்னொரு கை இல்லாமல் கிளம்புகிறார். கிளீனர் சம்பளம் மிச்சம் என்று நினைப்பவர்கள், அடுத்த தலைமுறை டிரைவர் படிக்கும் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து மூடுகிறார்கள்.

சரி, இன்றைய வண்டிக்கு என்ன தெரிந்தால் போதும்? பழைய மூன்று சொல்லே போதும், கொஞ்சம் விரித்துக்கொண்டால்.

ஆயில்: வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு டிப் ஸ்டிக் பாருங்கள். ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள். பொதுவாகச் சிவப்பு விளக்கு என்றால் இப்போதே நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. பிரேக் ஆயிலும் இதில் சேர்த்தி. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் பிரேக் கைவிடும். நம் போன்ற கடலோர ஊரில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

தண்ணி: கூலன்ட் கலந்ததையே ஊற்றுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே வேண்டாம், வெந்நீர் முகத்தில் பீய்ச்சும்.

காத்து: மாதம் இருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது, ஸ்டெப்னியையும் சேர்த்து. டயர் பூ 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. மழையில் அது சறுக்கும்போது சட்டம் வந்து பிடிக்காது. எலக்ட்ரிக் கார் வாங்கினால் முதல் சொல் பெரும்பாலும் போய்விடும். காத்தும் பிரேக்கும் அப்போதும் இருக்கும்.

2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்தது, இப்போது காமராஜர் துறைமுகம் என்கிறோம். 2010-லிருந்து அங்கிருந்து கார்கள் கப்பலேறுகின்றன. பெட்டியில் உதிரியாகக் கார் வந்து இறங்கிய அதே கரையிலிருந்து முழுக் கார்கள் வெளிநாடு போவதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்தப் பெருமைக்கு உரிய ஊர்க்காரர்கள் நாம். வரும் ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் நசுக்குவதற்கு முன்னால், பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் கூப்பிட்டு பானெட்டைத் திறந்து, டிப் ஸ்டிக் எது, கூலன்ட் எது, பிரேக் ஆயில் எது என்று காட்டிவிடுங்கள். பத்து நிமிஷம் போதும்.